பெங்களூரில் பேஸ்பால் ஆடிய மகன் அமெரிக்கக் கல்லூரி அணியில் உதவிப் பயிற்சியாளர் ஆக விரும்புகிறான்: வழி உண்டா?

கேள்வி: அல்சூர் மீனாட்சி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாக அல்சூரில் வசிக்கும் குடும்பம். என் மகன் இன்ஃபர்மேஷன் சயின்ஸில் பி.இ. இறுதியாண்டு படிக்கிறான். பள்ளியில் சாஃப்ட்பாலில் தொடங்கி, கல்லூரிக்கு வந்த பின் பேஸ்பாலுக்கு மாறி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டியில் கேட்சராக (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவராக) ஆடியிருக்கிறான். சனி, ஞாயிறுகளில் ஒரு பள்ளியில் சிறுவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறான். மற்ற எந்த வேலையிலும் நான் காணாத பொறுமை அப்போது அவனிடம் இருக்கிறது.

உடன் படிப்பவர்கள் எல்லாம் கேம்பஸ் நேர்காணலுக்குத் தயாராகும் வேளையில், அமெரிக்காவில் முதுகலை படித்துவிட்டு அங்கேயே ஒரு கல்லூரி அணியில் உதவிப் பயிற்சியாளராகச் சேரப்போவதாகச் சொல்கிறான். அவனுடைய அப்பாவுக்கு இதில் சிறிதும் உடன்பாடு இல்லை. சரி என்றோ கூடாது என்றோ சொல்வதற்கு முன், அந்த வேலையில் இருப்பவர் என்ன செய்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார், எத்தனை ஆண்டுகள் நிலைக்க முடியும், நம் நாட்டுப் பிள்ளை ஒருவனுக்கு அங்கே உண்மையிலேயே இடம் உண்டா என்பதை நான் தெரிந்துகொள்ள வேண்டும். கல்விக் கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் விவரம் அறிந்தவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஹெச்.எஸ்.ஆர். குமரன்

வணக்கம் அம்மா. நான் அமெரிக்காவின் தென்பகுதியில் புள்ளியியல் முதுகலை படித்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்குத் தரவு ஆய்வில் உதவியவன். இப்போது பெங்களூரில் வேறு துறையில் இருக்கிறேன். உதவிப் பயிற்சியாளர்களை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கம் என்.சி.ஏ.ஏ.; அதன் மூன்று பிரிவுகளில் மேல்தட்டு முதல் பிரிவு. அதில் ஏறத்தாழ 300 பேஸ்பால் அணிகள் உள்ளன. ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரும் உதவிப் பயிற்சியாளர்கள் மூவரும் என்பது பல ஆண்டுகளாக இருக்கும் அமைப்பு. ஆனால் 2023 ஜூலை வரை அந்த மூவரில் ஒருவர் சம்பளமே இல்லாத தன்னார்வப் பயிற்சியாளர்; விதியே அவருக்குச் சம்பளம் தரக் கூடாது என்றது. முழுநேரம் உழைத்துவிட்டு, கோடை முகாம்களில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கிடைக்கும் பணத்தில் பலர் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். இதை எதிர்த்து 2022-இல் வழக்குத் தொடரப்பட்டது. அந்தப் பதவிமுறை மறு ஆண்டே நீக்கப்பட்டது. இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், சம்பளம் இல்லாமலோ மிகக் குறைந்த சம்பளத்திலோ சில ஆண்டுகளைத் தாங்குபவர்களே மேலே வருகிறார்கள் என்னும் வழக்கம், விதி மாறிய பின்னும் கீழ்நிலைக் கல்லூரிகளில் அப்படியே இருக்கிறது என்பதுதான்.

வேலை என்ன என்று கேட்டீர்கள். ஒருவர் பந்து வீசும் பிட்சர்களைப் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் பேட்டிங்கை, மூன்றாமவர் உள்வட்டத் தடுப்பாட்டத்தையோ கேட்சர்களையோ. பயிற்சி நேரத்தில் ஃபங்கோ என்னும் மெலிந்த நீண்ட மட்டையை எடுத்துக்கொண்டு, ஒரே வேகத்தில், ஒரே இடத்துக்கு, தரையோடு உருளும் பந்துகளை நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுப்பார்கள். ஆட்டத்தின்போது பல கல்லூரிகளில் அடுத்து எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் கேட்சர் அல்லர், பிட்சிங் பயிற்சியாளர்தான். அணியினர் அமரும் டக்அவுட்டின் ஓரத்தில் சிறிய விசைக்கருவியுடன் உட்கார்ந்து, முந்தைய பந்துக்கு அந்த பேட்டரின் மட்டை எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக் கவனித்து, ஓர் எண்ணை அழுத்துவார். கேட்சர் தன் மணிக்கட்டில் கட்டிய கருவியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு பிட்சருக்குச் சைகை காட்டுவார். ஒவ்வொரு பந்துக்கும் இது நடக்கும். பிப்ரவரி நடுவில் தொடங்கும் சீசனில் ஓர் அணிக்கு 56 ஆட்டங்கள் வரை உண்டு. பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ஆட்டங்கள், வாரநடுவில் ஒன்று.

ஆயினும் ஓர் உதவிப் பயிற்சியாளரின் மதிப்பை நிர்ணயிப்பது மைதானத்தில் அவர் செய்வது மட்டுமன்று. புதிய ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவரும் திறன்தான் பெரிதாகப் பார்க்கப்படுகிறது. கோடை முழுவதும் பள்ளி மாணவர்களின் போட்டிகளைத் தேடிப் பயணம் செய்வதும், பெற்றோர்களிடம் பேசுவதும், பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை மாணவரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்பது போன்ற விதிகளை மீறாமல் நடந்துகொள்வதும் இதில் அடங்கும். 2018-இல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, வேறு கல்லூரிகளிலிருந்து மாற விரும்புபவர்களையும் சில நாட்களுக்குள் மதிப்பிட்டுப் பேசி முடிக்க வேண்டும். உங்கள் மகனுக்குப் பிடித்திருப்பது சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. அந்த வேலையின் பாதி நேரம் தொலைபேசியிலும் நெடுஞ்சாலையிலும் போகும் என்பதை அவர் அறிந்துதான் விரும்புகிறாரா என்று கேளுங்கள்.

சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் சிறந்த பிட்சிங் பயிற்சியாளர்கள் ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேலும் பெறுகிறார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரியிலோ இரண்டாண்டுப் படிப்புக்கான ஜூனியர் கல்லூரியிலோ இருப்பவர் பகுதிநேரச் சம்பளத்துடன் விடுதிக் கண்காணிப்பு, மைதானப் பராமரிப்பு போன்ற பணிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். நிலைத்திருப்பது தலைமைப் பயிற்சியாளரைப் பொறுத்தது: அவர் நீக்கப்பட்டால் உதவியாளர்களும் பெரும்பாலும் உடன் போக வேண்டியதுதான். உதாரணத்துக்கு டோனி விட்டெல்லோ என்பவர், தான் ஆடிய மிசௌரி பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கி, டி.சி.யு., ஆர்கன்சா ஆகிய பல்கலைக்கழகங்களிலும் அதே பதவியில் இருந்துவிட்டு, 2017-இல்தான் டென்னசியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2024-இல் அந்த அணி கல்லூரிகளுக்கான சாம்பியன் போட்டியான காலேஜ் வேர்ல்ட் சீரிஸை வென்றது. 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை மேலாளராக்கியது (அங்கே தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் அழைப்பார்கள்). தொழில்முறை ஆட்ட அனுபவமே இல்லாதவர் அவர். இப்படி ஒரு கதவு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கதவு வரை வந்து நிற்பவர்கள் மிகச் சிலர்.

பதில்: உடற்கல்வி ஆசான்

சகோதரிக்கு வணக்கம். நான் பெங்களூரில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அமெரிக்க நிலவரத்தைக் குமரன் தம்பி விரிவாகச் சொல்லிவிட்டார். இங்கிருக்கும் நிலையை நான் சொல்கிறேன்.

நம் கல்லூரிகளில் பேஸ்பாலுக்கென்று ஓர் உதவிப் பயிற்சியாளர் பதவி கிடையாது. கபடி, கைப்பந்து, தடகளம், பேஸ்பால் எல்லாவற்றுக்கும் ஒரே உடற்கல்வி இயக்குநர்தான். அந்தப் பதவிக்கு எம்.பி.எட். பட்டமும் நெட் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும், பி.இ. படித்தவர் நேரடியாக நுழைய இயலாது. எனவே, அமெரிக்காவில் இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து இங்கே கல்லூரியில் அதே வேலையைச் செய்யலாம் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம்.

அதே நேரம், இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு எதிர்காலமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பால் 2019-இல் டெல்லியில் அலுவலகம் திறந்து, டெல்லி, மும்பை, பெங்களூர் பள்ளிகளில் சிறுவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன் 2008-இல், ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இரு இளைஞர்கள், வேகப் பந்து வீச்சுப் போட்டி ஒன்றின் மூலம் தேர்வாகி, டாம் ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பிட்சிங் பயிற்சியாளரிடம் பழகி, அதே ஆண்டில் அந்த லீக்கின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்புடன் ஒப்பந்தம் செய்தார்கள். பந்தையே தொட்டிராதவர்களைச் சில மாதங்களில் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது பயிற்சிமுறை. நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கற்பிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

கிரிக்கெட்டையும் மறக்க வேண்டாம். ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளராக இருந்த மைக் யங் பேஸ்பாலிலிருந்து வந்தவர். தரையில் உருளும் பந்தை ஒரே அசைவில் எடுத்து எறிவதை ஒழுங்காகக் கற்பிக்கத் தெரிந்தவரைப் பெங்களூரின் கிரிக்கெட் அகாடமிகள் வரவேற்கும் என்பது என் நம்பிக்கை. உங்கள் மகன் அங்கே போய் வந்தாலும் போகாவிட்டாலும் இந்தத் திறன் வீண்போகாது.

மீண்டும்: அல்சூர் மீனாட்சி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனிடம் இரண்டு பதில்களையும் படிக்கக் கொடுத்தேன். ஆட்டக்காரர்களைத் தேடி அலையும் வேலை பற்றி அவனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் ஆர்வம் குறையவில்லை. முதுகலை படிக்கும்போதே கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்ற முறையில் அணியில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் குறையும் என்கிறான். இது சரியா? விசா அதற்கு இடம் கொடுக்குமா?

பதில்: ஜெயநகர் சுபா

வணக்கம் அக்கா. நான் குடியேற்ற ஆவணங்கள் தொடர்பான அலுவலகத்தில் வேலை செய்பவள் என்பதால் விசா பற்றி மட்டும் சொல்கிறேன்.

கிராஜுவேட் அசிஸ்டென்ட் பதவி உண்மையானது. கட்டணத்தில் முழுவதையோ ஒரு பகுதியையோ கல்லூரி ஏற்று, சிறு உதவித்தொகையும் கொடுக்கும். ஆனால் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். பேஸ்பால் சீசனில் பயணத்தையும் சேர்த்தால் பணிநேரம் எளிதாக அதைத் தாண்டும். அமெரிக்க மாணவருக்கு அது களைப்பு மட்டுமே. நம் பிள்ளைக்கு விசாவே பறிபோகக்கூடிய விதிமீறல். எனவே எந்த மணிநேரம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சம்பளமில்லாமல் உதவுகிறேன் என்று சொல்லி இந்த வரம்பைச் சுற்றிப் போகவும் முயலக் கூடாது.

படிப்பு முடிந்த பின், படித்த துறையிலேயே வேலை செய்ய 12 மாத அனுமதி கிடைக்கும்; அறிவியல், தொழில்நுட்பத் துறைப் பட்டமானால், நிபந்தனைகளுடன் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் தங்கி வேலை செய்ய ஹெச்-1பி என்னும் வேலை விசா வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு இருப்பது போன்ற விசாக் குலுக்கல் பல்கலைக்கழகங்களுக்கு இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் கட்டாயம் தேவை என்று நிறுவினால்தான் ஹெச்-1பி கிடைக்கும். உதவிப் பயிற்சியாளர் பதவிக்கு இதை நிறுவுவது கடினம். பல கல்லூரிகள் அந்தச் செலவுக்கும் சிரமத்துக்கும் முன்வருவதில்லை. என்ன பாடம் படிக்கிறார் என்பதை இதை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதில்: ஹெச்.எஸ்.ஆர். குமரன்

சுபா அவர்கள் சொன்னதைத்தான் நானும் வலியுறுத்த விரும்புகிறேன், அம்மா. கல்லூரியிலும் தொழில்முறையிலும் ஆடிய அமெரிக்க இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அதே பதவிகளுக்குக் காத்திருக்கும்போது, மைதான அனுபவத்தை மட்டும் முன்வைத்து உங்கள் மகன் போட்டியிட இயலாது. மற்றவர்களிடம் அரிதாக இருந்து அவரிடம் மட்டும் இருப்பது, கேட்சரின் கண்ணும் கணினி அறிவும் ஒருங்கே அமைந்திருப்பது. ட்ராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, திசைமாற்றம் ஆகியவற்றை எண்களாகக் கொட்டுகின்றன. அந்த எண்களைப் படித்து, பத்தொன்பது வயது பிட்சருக்குப் புரியும்படி இரண்டு வாக்கியங்களில் சொல்லக்கூடியவர்கள் எல்லா அணிகளுக்கும் தேவை. தரவு அறிவியலிலோ புள்ளியியலிலோ முதுகலை படித்துக்கொண்டே அணியில் இந்த வழியாக நுழைந்தால், பயிற்சியாளர் பதவி கைகூடாவிட்டாலும் பட்டம் கடனை அடைக்கும்.

விண்ணப்பம் போடுமுன் இங்கேயே ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அவர் பயிற்சி அளிக்கும் சிறுவர்களில் நான்கைந்து பிட்சர்களைக் கைப்பேசியில் மெதுவேகத்தில் படமெடுத்து, ஒவ்வொருவரிடமும் எதை மாற்றினார், ஏன் மாற்றினார், சில மாதங்களில் என்ன வேறுபாடு தெரிந்தது என்று குறித்துவைத்து, அதைச் சிறு தொகுப்பாக்கி, சேர விரும்பும் பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பட்டும். முதல் பிரிவை மட்டும் குறிவைக்காமல் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளுக்கும், என்.ஏ.ஐ.ஏ. என்னும் வேறொரு சங்கத்தின் சிறிய கல்லூரிகளுக்கும் எழுதட்டும், ஆள் குறைவாக உள்ள இடத்தில்தான் புதியவர் கைக்கு ஃபங்கோ மட்டை சீக்கிரம் வரும். சீசன் தொடங்கிவிட்டால் யாருக்கும் பதில் எழுத நேரமிருக்காது. ஜூலை இறுதிக்கும் அக்டோபருக்கும் இடையில் அனுப்பினால் படிப்பார்கள்.