மியூனிக்கில் வேலை, பக்கத்து ஊரில் வீடு: எங்கள் அனுபவங்கள்

மியூனிக்கில் வேலை கிடைத்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சிட்டிக்குள்ள வீடு கிடைக்கல, பக்கத்துல எந்த ஊர் நல்லாயிருக்கும்?" பதில் சொல்கிறவர்களும் வாடகை எவ்வளவு, ஆபீஸுக்கு எத்தனை நிமிஷம் என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ஃப்ரைசிங்கில் குடியிருக்கிறேன். கணவர் காலையில் மியூனிக்குக் கிளம்பிவிடுவார். பகல் முழுக்க இந்த ஊரில் இருப்பது நானும் பையனும்தான். அதனால் நான் சொல்ல வருவது இது: ஊரை வேலைக்குப் போகிறவர் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கப்போகிறவர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே எங்கே போவார், யாரிடம் பேசுவார் என்று பாருங்கள்.

வாடகையை முதலில் சொல்லிவிடுகிறேன். மியூனிக்குக்குள் புதிதாக வாடகைக்கு வரும் வீடுகள் சதுர மீட்டருக்கு 20 யூரோவைத் தாண்டிவிட்டன. ஆனால் வெளியே வந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். ஃப்ரைசிங்குக்குப் பக்கத்தில் விமான நிலையம், ஊருக்குள்ளேயே வைஹன்ஸ்டெஃபான் பல்கலைக்கழக வளாகம். இங்கேயும் வீட்டுக்குப் போட்டிதான். அதே பணத்துக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. எங்களுக்கு அந்த ஓர் அறை பெரிய விஷயம். அம்மா பேரனைப் பார்க்க வந்தால் விசா முடியும்வரை இருப்பார், ஹாலில் படுக்க வைக்க முடியாது.

அடுத்தது ரயில். மியூனிக்கின் எஸ்-பான் என்னும் புறநகர் ரயில்கள் ஏறக்குறைய எல்லாமே 1972 ஒலிம்பிக்ஸை ஒட்டித் திறந்த ஒரே சுரங்கப் பாதை வழியாகத்தான் நகரத்தைக் கடக்கின்றன. அதில் ஒரு சிக்னல் பழுதானால் எல்லாத் திசையிலும் வண்டிகள் தடுமாறும். இரண்டாவது சுரங்கத்துக்கான வேலை 2017-இல் தொடங்கியது. 2035-க்கு முன் முடியாது என்கிறார்கள். ஆகவே எஸ்-பானை மட்டும் நம்பியிருக்கும் ஊரா, வீடு திரும்ப வேறு வழியும் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். எர்டிங் அழகான ஊர்தான், ஆனால் அங்கே எஸ்2 நின்றுபோனால் பஸ்ஸைத் தேட வேண்டியதுதான். ஃப்ரைசிங்குக்கு எஸ்1 முக்கால் மணி நேரம் எடுக்கும். அதோடு லாண்ட்ஸ்ஹூட் பக்கம் போகும் வட்டார ரயில்களும் இங்கே நிற்கின்றன. அவை சுரங்கத்துக்குள் நுழைவதே இல்லை. மெயின் ஸ்டேஷனிலிருந்து 25 நிமிஷத்தில் கொண்டுவந்து விடும். இரண்டுக்கும் ஒரே மாதச் சீட்டு போதும், டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63.

எஸ்1-இல் வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நோய்ஃபார்னில் வண்டி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஃப்ரைசிங்குக்கு, மறு பாதி விமான நிலையத்துக்கு. ஒரு பாதியிலிருந்து மற்றதற்கு உள்ளே நடந்து போகவும் முடியாது. வந்த புதிதில் ஒருநாள் குழந்தை வண்டியும் அரிசி மூட்டையுமாக ஏறி உட்கார்ந்தேன். எதிரில் இருந்த ஒரு வயதான அம்மா என்னிடம் பெட்டி ஏதும் இல்லாததைப் பார்த்து, "ஃப்ரைசிங்கா?" என்றார். ஆமாம் என்றதும் எழுந்து, குழந்தை வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, நடைமேடையில் என்னையும் இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்து சரியான பாதியில் ஏற்றிவிட்டார். அவர் போக வேண்டியது விமான நிலையம். கதவு மூடுவதற்குள் திரும்பி ஓடினார். பவேரியாக்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று நாம் கேள்விப்பட்டு வருகிறோம். நான் பார்த்தவர்கள் வேறு மாதிரி.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு பார்க்கப் போனபோது சம்பளச் சீட்டைப் புரட்டுவதற்கு முன்பே, "நிறைய வதக்கிச் சமைப்பீர்களா?" என்று நேராகக் கேட்டார். கணவர் மழுப்பப் பார்த்தார். நான், "தினமும் தாளிப்பேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தாளிப்பேன்" என்றேன். உடனே அவர் ஜன்னல் பக்கம் போய்க் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னல் தலையை மட்டும் சாய்த்துக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் திருப்பினால் முழுக்கத் திறக்கும். பனிக்காலத்தில் சாய்த்து வைக்கவே கூடாதாம். சுவர் குளிர்ந்து, மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும். காலையும் மாலையும் முழுக்கத் திறந்து, பத்து நிமிஷத்தில் மூடிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அதையே மறுபடி சொன்னார். பின்னால் பூஞ்சைத் தகராறில் முன்பணத்தை இழந்தவர்கள் கதைகளைக் கேட்டபோதுதான் அந்தப் பாடம் எவ்வளவு உபகாரம் என்று புரிந்தது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். புளூ கார்டு என்னும் வேலை அனுமதியில் வருகிறவர்களின் துணைக்கு வேலை செய்ய அனுமதி முதல் நாளிலிருந்தே உண்டு, ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விசாவுக்கு இல்லை. ஆனால் மொழி தெரியாமல், கைக்குழந்தையோடு எந்த வேலைக்குப் போவது? முதல் குளிர்காலம் அப்படித்தான் வரும், யாருக்கு வந்தாலும். நாலரை மணிக்கே இருட்டிவிடும். இந்தப் பக்கம் சதுப்பு நிலம், நவம்பரில் மூடுபனி நாள் முழுக்க விலகாது. அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தவைதான்: நகர நூலகம், மக்கள் கல்விக் கூடத்தின் ஜெர்மன் வகுப்பு, மரியன்பிளாட்ஸ் சந்தை, வைஹன்ஸ்டெஃபான் குன்றின் மேல் பல்கலைக்கழகம் பராமரிக்கும் தோட்டம். தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறினால் உடம்புக்கும் நல்லது, பையனும் தூங்கிவிடுவான். ஜெர்மன் வகுப்பில் சிரியப் பெண் ஒருவரும் பிரேசில் பெண் ஒருவரும் பழக்கமானார்கள். எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்த மொழி அந்த அரைகுறை ஜெர்மன்தான், அதனாலேயே சீக்கிரம் வந்தது. இதே குடும்பம் ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் போக வேண்டிய ஒரு கிராமத்தில், 200 யூரோ குறைந்த வாடகைக்கு வீடு எடுத்திருந்தால் நான் ஊருக்கே திரும்பியிருப்பேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நம் ஊர் லைசென்ஸும் ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் புதிதாக எழுதி, நிறையச் செலவழித்து எடுக்க வேண்டும். அதுவரை கால்தான் வண்டி.

சின்ன ஊரில் கஷ்டமானது குழந்தை மருத்துவர். நான் போன் செய்த இடங்களில் எல்லாம் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஒரு கிளினிக்கில் காய்ச்சல் என்று சொன்ன பிறகும் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் 116117 என்ற எண்ணில் கேட்டு இடம் கிடைத்தது. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இரவு நேரத்துக்கும் உதவும். கிட்டா என்னும் குழந்தைகள் காப்பகமும் அப்படியே. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து சட்டத்தில் இருக்கிறது, கையில் இடம் கிடைப்பது வேறு விஷயம். முகவரி பதிவு செய்தவுடனே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

விமானச் சத்தம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஊரின் நடுவில் அவ்வளவாகத் தெரியாது. அட்டாஹிங் பக்கம் வீடு வந்தால் மட்டும் யோசியுங்கள். மூன்றாவது ஓடுபாதைத் திட்டத்தில் அதிகம் பாதிக்கப்படக்கூடிய பகுதி அது. 2012-இல் மியூனிக் மக்கள் வாக்களித்து வேண்டாம் என்றார்கள். அதே விமான நிலையத்தில் ஒரு நல்லதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பவேரியா முழுக்கக் கடை மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். 635 பஸ் பிடித்தால் பாலும் தயிரும் வாங்கி வந்துவிடலாம். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் மியூனிக் மெயின் ஸ்டேஷனை ஒட்டிய தெருக்கள்தான்.

உங்கள் ஊர் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கார்ஷிங்கிலிருந்து:

நான் ஆராய்ச்சி மாணவன், தனி ஆள். எனக்கு உங்கள் கணக்கு பொருந்தவில்லை, கார்ஷிங்தான் சரியாக இருந்தது. யூ6 மெட்ரோ வளாகத்துக்குள்ளேயே வந்து நிற்கும். எஸ்-பான் படுத்துக்கொண்டாலும் எங்களுக்குக் கவலை இல்லை. நம் ஆட்களும் நிறைய. ஆனால் வளாகம் வேறு, ஊர் வேறு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வளாகத்தில் ஈ காக்கை இருக்காது. வீடு தேடும்போது கடைசி நிறுத்தத்தில் தேடாமல் அதற்கு முந்தைய கார்ஷிங் நிறுத்தத்தைச் சுற்றித் தேடுங்கள். வாடகை மியூனிக்குக்குச் சற்றும் சளைத்தது இல்லை. சைக்கிள் இருந்தால் இஸார் ஆற்றங்கரையோடு மியூனிக் வரை போய் வரலாம், இலவச மகிழ்ச்சி.

டாஹாவிலிருந்து:

எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். அந்தக் கோணத்தில் எழுதுகிறேன். பவேரியாவில் ஆரம்பப் பள்ளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, முகவரி தேர்ந்தெடுக்கும். நான்காம் வகுப்போடு அது முடிந்துவிடும். பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் உயர்நிலைப் பள்ளியான ஜிம்னாசியத்துக்கு நேராகப் போக ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33 வர வேண்டும். இங்கே எண் குறைந்தால்தான் நல்ல மதிப்பெண். பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கினால் மொழியைப் பிடிக்க ஒரு வருஷம்தான் இருக்கும். அதனால் வீடு பார்க்கும்போதே பள்ளியில் புதிதாக வருகிறவர்களுக்குத் தனி ஜெர்மன் வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

டாஹாவ் என்று முகவரி சொன்னதும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கணம் நம்மைப் பார்ப்பார்கள். 1933-இல் நாஜிகள் தொடங்கிய வதை முகாம் இங்கேதான் இருந்தது, இப்போது நினைவிடம். குடிவரும் முன் எங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. கீழ்வீட்டுப் பெரியவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே எங்களை நினைவிடத்துக்குக் கூட்டிப்போய், வாசலில் நின்று, "இங்கே குடியிருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்" என்றார். ஊர் அரண்மனைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெளிவான நாளில் ஆல்ப்ஸ் தெரியும். இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் ஊர்.

லாண்ட்ஸ்ஹூட்டிலிருந்து:

எல்லோரும் ஊரைத் தெரிவு செய்வது பற்றி எழுதியிருக்கிறீர்கள், வாசிக்கச் சந்தோஷம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் ஜேர்மனிக்கு வந்த ஆட்கள். அகதி வழக்கு முடியும்வரை எந்த ஊரில் விடுகிறார்களோ அங்கேதான் இருக்க வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கும் அனுமதிக் கடிதம் வேண்டும். எங்களைக் கீழ் பவேரியாவில் ஒரு சின்ன ஊர் விடுதியில் விட்டார்கள். பகலில் செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்து மைதானத்தில் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பயிற்றுநர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பிறகு வெளியூர் ஆட்டம் ஒன்று வந்தது, எதிரணியின் ஊர் மாவட்ட எல்லைக்கு அங்கால். வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு என்னோடு அலுவலகத்துக்கு வந்து, கடிதத்தை எடுத்துத் தந்தவர் அந்த மனிசன்தான்.

வழக்கு முடிந்து எங்கேயும் போகலாம் என்ற நிலை வந்தபோது கன பேர் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள், தமிழ்க் கடை, கோயில், ஆட்கள் எல்லாம் அங்கே என்று. நான் லாண்ட்ஸ்ஹூட்டோடு நின்றுவிட்டேன். மியூனிச் ரயிலில் முக்கால் மணித்தியாலம். சம்பளத்தில் வீட்டுக்குப் போகிற பங்கு குறைவு. பிள்ளைகள் 1475-இல் நடந்த இளவரசர் கல்யாணத்தை ஊரே வேடம் போட்டு மறுபடி நடத்துகிற விழாவில் ஊர்வலம் போயிருக்கிறார்கள். ஒரு குறையும் உண்டு, மறைக்க மாட்டன். தமிழ் வகுப்புக்குச் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை மியூனிச்சுக்குக் கூட்டிப்போய் வந்தோம். குளிரில், மழையில், அவர்கள் அழ அழ. அதைச் செய்ய மனமிருந்தால் மட்டும் இவ்வளவு தூரம் வாருங்கள்.

மீண்டும் ஃப்ரைசிங்கிலிருந்து:

லாண்ட்ஸ்ஹூட் ஐயா, உங்கள் பதிலை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி. தமிழ் வகுப்பு விஷயத்தை நாங்கள் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பத் தயாராகிற ஒருவர், வீடு பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில்: வீடு பார்க்கப் போகும்போது வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல், கிடைத்திருந்தால் சம்பளச் சீட்டுகள், ஜெர்மனில் ஒரு பக்கத்துக்குக் குடும்பத்தைப் பற்றிய அறிமுகம், இவற்றை ஒரே ஃபைலில் எடுத்துப்போங்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கடன் வரலாற்றுச் சான்று இருக்காது, அதை அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள். விளம்பரத்தில் இருப்பது கால்ட்மீட்டே, அதாவது வீட்டுக்கான வாடகை மட்டும். தண்ணீர், ஹீட்டிங், குப்பைச் செலவு அதற்கு மேல் வரும். முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேயைத் தாண்டக் கூடாது, மூன்று தவணையாகக் கொடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சாவி வாங்கும் அன்றே முகவரிப் பதிவுக்கான வீட்டுக்காரர் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் சமையலறை என்றால் வெறும் சுவரும் குழாயும்தான். அடுப்பு, ஸிங்க், அலமாரி எதுவும் இருக்காது. முன்பு இருந்தவர் தன்னுடையதை விற்கத் தயாராக இருந்தால் பேசி வாங்குவது லாபம். என்னென்ன விட்டுப்போகிறார் என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு பணம் கொடுங்கள்.