சிங்கப்பூர்க் கப்பலில் இரவு உணவு: முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, விரும்பிய நேரமா?

கேள்வி: இராமநாதபுரம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாத விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்திற்குப் பதிவு செய்திருக்கிறோம். 72 வயதான தந்தையார், 66 வயதான தாயார், நான், மனைவி, 11 வயது மகள், 4 வயது மகன் ஆகியோர் செல்கிறோம். பணம் கட்டி முடித்த பிறகு, இரவு உணவு நேரத்தைக் குறித்து அனுப்பும்படி முகவர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். மாலை 5.45க்கு முதல் பந்தி, இரவு 8.00க்கு இரண்டாம் பந்தி, அல்லது 5.45 முதல் 9.00 வரை நாம் விரும்பிய நேரத்தில் சென்று அமரும் முறை என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்கு இட்லியோ தோசையோ சாப்பிட்டு ஒன்பதரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவோம். தந்தையார் சர்க்கரை நோய்க்காகக் காலையும் இரவும் உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தாயார் மீன் சாப்பிடுவார், ஆனால் செவ்வாயும் வெள்ளியும் சைவம். பந்திக்கு முந்த வேண்டும் என்பது தந்தையாரின் கட்சி. கப்பலில் நடக்கும் நிகழ்ச்சி எதையும் விடக்கூடாது என்பது மகளின் கட்சி. மணி அடித்துச் சாப்பிடுவதற்கு இது விடுதிப் பள்ளியா என்பது மனைவியின் கேள்வி. "எதை வேண்டுமானாலும் போடுங்கள் சார், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று முகவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியவில்லை. சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தங்கச்சிமடத்துக்காரர்

ஐயா, வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகள் இத்தகைய கப்பல்களின் உணவுக்கூடத்தில் உதவிப் பரிமாறுநராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். நீங்கள் கேட்டிருப்பதைத் தட்டு ஏந்திய பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பந்தி என்ற ஏற்பாடே இடப்பற்றாக்குறையால் வந்தது. பெரும்பாலான கப்பல்களின் முதன்மை உணவுக்கூடத்தில் பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் ஒரே நேரத்தில் அமர முடியும் என்பதால், கல்யாண மண்டபத்தில் செய்வதைப் போல இரண்டு முறையாகப் பிரித்தார்கள். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் என்ற நிறுவனம் பந்தியே இல்லாமல் அவரவர் விரும்பிய நேரத்தில் உண்ணும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்கள் பலவும் கூடத்தின் ஒரு பகுதியை அதற்காக ஒதுக்கத் தொடங்கின. பந்தியில் சேர்ந்தால் உங்களுக்கென்று ஒரு மேசை எண் இருக்கும். கடைசி நாள் வரை அதே மேசை, அதே பரிமாறுநர், அதே உதவியாளர். விரும்பிய நேர முறையில் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று, காலியாகும் மேசைக்குச் செல்ல வேண்டும்.

இதில் யாரும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. கப்பலில் மாலை 5.45 என்றால் உங்கள் தந்தையாரின் வயிற்றுக்கு அது பிற்பகல் 3.15, மதியச் சோறு இன்னும் இறங்கியிருக்காது. இரவு 8.00 மணிப் பந்தியும் அவருக்கு ஊர்க்கணக்கில் மாலை 5.30தான். இரண்டாம் பந்தி நடுநிசி வரை போகும் என்று பயந்து பலர் முதல் பந்தியைக் குறித்துவிட்டு, சூப்பைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருப்பதையும், பிறகு இரவு பதினொரு மணிக்குப் பசியோடு மேல்தளத்தில் எதையாவது தேடி அலைவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு இரவுப் பயணத்தில் உடம்பு புது நேரத்திற்குப் பழகுவதற்குள் கப்பல் திரும்பிவிடும். மேலும், காலையில் எட்டு மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிடுபவருக்கு அடுத்த ஊசி இரவு எட்டையொட்டி வருவதுதான் வீட்டு வழக்கத்திற்கு நெருக்கமானது. ஊசியின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பயணத்தில், நம் தமிழ்ப் பெரியவர் ஒருவர் அறையிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு, விரும்பிய நேர வரிசையில் வந்து நின்றார். மேசை காலியானதும் அதிரும் சிறிய கருவி ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்திற்கு மேல் அது அதிரவில்லை. நான் தண்ணீர்க் குவளைகளோடு கடந்து சென்றபோது, அவருடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கருவியைப் பிடித்திருந்த விரல்கள்தான் அதிர்ந்துகொண்டிருந்தன. ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து கொடுத்த பிறகே பேச்சு வந்தது. ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், மேசையில் அமர்ந்து, ரொட்டிக் கூடை கண்ணுக்கு முன் வந்த பிறகு ஊசி போடுங்கள்.

புக்கெட் நாளில் கவனமாக இருங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுகிறதா இல்லையா என்பது முந்தைய இரவு அறைக்கு வரும் நாளேட்டிலோ கப்பலின் செயலியிலோ இருக்கும். ஆனால் கைபேசி கரைக் கோபுரத்தைப் பிடித்துத் தானாகவே மாறிவிடும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாவிட்டால், அன்று மட்டும் முதல் பந்தியில் பல மேசைகள் காலியாகக் கிடக்கும்; உரியவர்கள் தங்கள் கைபேசியை நம்பி, ஒரு மணி நேரம் கழித்து அலங்கரித்துக்கொண்டு வருவார்கள். கதவு அதற்குள் மூடியிருக்கும்.

என் கருத்து: இரண்டாம் பந்தி.

பதில்: கீழக்கரை வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சிமடத்துச் சகோதரர் சொன்ன நேரக் கணக்கு முற்றிலும் சரி. ஆனால் எங்கள் குடும்பத்திற்கு இரண்டு பந்திகளுமே பொருந்தவில்லை. சிங்கப்பூரை ஒட்டிய கடலில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. முதல் பந்தி முடிந்து எழும் நேரத்தில் மஃரிப் தொழுகைக்கு ஓட வேண்டியிருக்கும். இரண்டாம் பந்தியில் அமர்ந்தால் நடுவில் இரவுத் தொழுகையான இஷாவுக்கு நேரமாகிவிடும். எனவே விரும்பிய நேர முறையைக் குறித்து, மஃரிப் முடித்து 7.30க்கு உணவு, பிறகு இஷா என்று வைத்துக்கொண்டோம்.

வாப்பா, உம்மா, என் மச்சான் குடும்பம் என நாங்கள் பத்துப் பேர். முதல் இரவு எந்த முன்பதிவும் இல்லாமல் சென்றோம். நாற்பது நிமிடம் நிற்க வைத்து, பிறகு நாலு பேரை ஒரு மூலையிலும் ஆறு பேரை இன்னொரு மூலையிலும் உட்கார வைத்தார்கள். வாப்பாவுக்கு வந்த கோபத்தில் அன்று யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கூடத்தின் தலைமை மேலாளரைப் பார்த்தபோதுதான், விரும்பிய நேரம் என்றாலும் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளலாம் என்பதே தெரிந்தது. மீதி இரவுகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தையும் ஒரே பெரிய மேசையையும் எழுதிக்கொடுத்தார். ஏறிய அன்று மதியமே இதைச் செய்திருக்க வேண்டும். ஹலால் உணவுக்கும், உங்கள் தாயாரின் சைவத்திற்கும், கப்பலில் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாமல் பதிவின்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நான் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இப்போதுதான் முக்கியம் என்று புரிகிறது. நாங்கள் மதுரையிலிருந்து சென்று, கப்பல் ஏறுவதற்கு முன் சிங்கப்பூரில் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் தங்குகிறோம். அப்படியானால் உடம்பு பழகியிருக்கும் அல்லவா? எட்டு மணிப் பந்தியில் சிறுவன் என்ன செய்வான் என்பதுதான் இப்போதைய கவலை.

பதில்: இராமேசுவரம், ஓய்வு பெற்ற ஆசிரியை

தம்பி, நான் சிங்கப்பூர்க் கப்பலில் சென்றதில்லை. சென்னையிலிருந்து இலங்கை சென்று திரும்பிய கப்பலில் என் தாயாரோடும் மகன் குடும்பத்தோடும் பயணம் செய்தேன். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரச் சிக்கல் இல்லை. பேரன் தூங்கிவிடுவான் என்று நாங்கள் முதல் பந்தியைக் குறித்தோம். அவன் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. ஆனால் நடுக்கடலில் சூரியன் இறங்கும் காட்சியை ஒரு நாள்கூட முழுதாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாலையும் அந்த நேரத்தில் நாங்கள் சன்னலில்லாத மூலையில் பனிக்கூழுக்குக் காத்திருந்தோம். தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

இன்னொன்று, நாங்கள் ஐந்து பேர் என்பதால் எட்டுப் பேர் மேசையில் வேறு மூவரைச் சேர்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வருகிற தட்டு ஒவ்வொன்றிலும் குறை கண்டார். பந்தி முறையில் அத்தகையவர் கடைசி இரவு வரை உங்களுக்கு எதிரில்தான் இருப்பார். ஆறு பேர் மேசையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அலையைப் பற்றியும் ஒரு சொல். என் தாயார் பாம்பனில் பிறந்தவர். வடக்கே அலை அடங்கிய பெண் கடல், தெற்கே அலை மிகுந்த ஆண் கடல் என்று பேசிப் பழகியவர். கப்பல் ஆடத் தொடங்கிய இரவில் நாங்கள் பயந்து உணவுக்கே போக வேண்டாம் என்றபோது, வெறும் வயிற்றோடு படுத்தால்தான் புரட்டும் என்று சொல்லி, எங்களை எழுப்பி அழைத்துச் சென்றவர் அவர்தான். உணவுக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்ததால் அறையைவிட அங்கே ஆட்டம் குறைவாக இருந்தது. மோர்க்குழம்பு இல்லையே என்பது மட்டுமே அவருடைய வருத்தம்.

பதில்: தங்கச்சிமடத்துக்காரர்

ஐயா, ஒரு வாரம் தங்கிவிட்டு ஏறுவதாக இருந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். உடம்பு சிங்கப்பூர் நேரத்திற்கு வந்திருக்கும். எட்டு மணிக்கு அமர்ந்தால் முதன்மை உணவு வருவதற்குள் சிறுவன் மேசையிலேயே தலை சாய்ப்பான். நாற்காலிகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேசைத் துணியை மடித்துத் தலைக்கு வைத்து, எத்தனையோ பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். முதல் பந்தியும் வேண்டாம். கரையில் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குக் கப்பல் திரும்பி, முக்கால் மணி நேரத்தில் ஆறு பேர் குளித்துக் கிளம்ப முடியாது. அதுமட்டுமின்றி முதல் பந்தியில் கடைசி அரை மணி நேரம் நாங்கள் விரட்டுவோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த பந்திக்கு மேசை விரிப்பு மாற்ற வேண்டுமே.

ஆகவே கீழக்கரைச் சகோதரர் செய்தபடி விரும்பிய நேரத்தைக் குறித்து, ஏறிய அன்றே நான்கு இரவுக்கும் 7.00 மணிக்கு ஒரே மேசையை முன்பதிவு செய்யுங்கள். பந்தியின் நன்மையும் அதில் கிடைத்துவிடும். முதல் இரவு பிடித்த பரிமாறுநர் அமைந்தால் அவருடைய மேசையையே கேளுங்கள். இரண்டாம் நாள் முதல் பச்சை மிளகாய் நறுக்கியதும் வெந்நீரும் கேட்காமலே வந்துவிடும். செவ்வாய், வெள்ளி உணவை முந்தைய இரவே அவரிடம் சொல்லிவிட்டால் சமையற்கட்டில் தனியாகச் செய்வார்கள். மகளுக்குக் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். அரங்க நிகழ்ச்சி பெரும்பாலும் இரண்டு முறை நடக்கும், ஏழு மணிக்கு உண்பவர்கள் பிந்திய காட்சிக்குச் செல்லலாம்.

முகவர் சொன்னது பாதி உண்மை. கப்பலில் மாற்றித் தருவார்கள், ஆனால் இடம் இருந்தால் மட்டும். விடுமுறைக் காலத்தில் பந்தியிலிருந்து விரும்பிய நேரத்திற்கு மாறக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். படிவத்திலேயே சரியாகக் குறித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியே குறித்து இன்று அனுப்பிவிட்டேன். முதல் பந்தி இல்லை என்றதும் தந்தையார் சற்று முகம் சுளித்தார். ஏழு மணி என்றதும் சமாதானமானார். அவர் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: வேட்டி கட்டிக்கொண்டு அந்தக் கூடத்திற்குள் வரலாமா?

பதில்: தங்கச்சிமடத்துக்காரர்

தாராளமாக வரலாம், ஐயா. அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டு வந்தவர்களைத்தான் வாசலில் திருப்பி அனுப்பினோம். சலவை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக வந்த பெரியவர்களை நான் இருந்த கப்பல்களில் யாரும் தடுத்ததில்லை. முறையான உடைக்கான இரவில் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் மற்ற பயணிகள் வருவார்கள். முதல் நாள் மட்டும் ஒரு வேட்டியையும் இன்சுலினையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டிகள் அறைக்கு வந்து சேர்வதற்குள் சில வேளை ஏழு மணி தாண்டிவிடும்.