மறுமொழி: அனாக்ரோனிசம் – காலமுரணா, காலவழுவா?

வணக்கம். ஒரு காலத்துக்குப் பொருந்தாததை அந்தக் காலத்துக் கதையில் வைப்பதுதான் அனாக்ரோனிசம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'காலமுரண்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தாய்லாந்துத் தொடரான 'ஐ ஃபீல் யூ லிங்கர் இன் தி ஏர்' (2023) பற்றி எழுத உட்கார்ந்தபோது அது எனக்குப் போதவில்லை. இன்றைய கட்டடக் கலைஞன் ஜோம், பிங் ஆற்றில் விழுந்து 1920களின் சியாங் மாயில் கண்விழிக்கிறான். ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரனாகச் சேர்ந்து, அந்த வீட்டு மகன் குன் யாய் மேல் காதல் கொள்கிறான். ஜோம் இந்தக் காலத்துப் பேச்சு பேசினால் பிழையில்லை, கதையே அதுதான். அதே வீட்டுச் சமையல்காரி அப்படிப் பேசினால் பிழை. இரண்டையும் 'காலமுரண்' என்றே எழுத வேண்டியிருக்கிறது.

நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் (இலக்கணப் பிழைகளில்) காலமும் ஒன்று. காரணம் காட்டி ஏற்றுக்கொண்டால் அது வழுவமைதி. பாதிச் சாப்பாட்டில் இருப்பவன் வாசலில் நிற்கும் நண்பனிடம் 'இதோ வந்துட்டேன்' என்கிறானே, அது காலவழுவமைதி, காரணம் விரைவு. ஆகவே கவனக்குறைவில் நேர்ந்தால் காலவழு, தெரிந்தே ஒரு பயன் கருதிச் செய்தால் காலவழுவமைதி என்று பிரிக்கலாம்.

வழுவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. தாய்லாந்தில் 1940 வரை ஆண்டுப்பிறப்பு ஏப்ரல் 1. அதனால் புத்த ஆண்டு 2470இன் சனவரி மாதம் நம் கணக்கில் 1928. புத்த ஆண்டிலிருந்து வழக்கமாகக் கழிக்கும் 543ஐக் கண்ணை மூடிக்கொண்டு கழித்து சப்டைட்டிலில் 1927 என்று போட்டால் எந்த நயத்தைச் சொல்லியும் தப்ப முடியாது. 1910இல் நடக்கும் கதையில் ஒருவர் பாங்காக்கிலிருந்து ரயிலேறி சியாங் மாயில் இறங்கினாலும் அப்படித்தான். குன் தான் மலையில் 1,352 மீட்டர் சுரங்கம் குடைந்து, பாதை அங்கே போய்ச் சேர்ந்தது 1920களின் தொடக்கத்தில்தான்.

ரயிலைச் சரிபார்ப்பது சுலபம், மனத்தைச் சரிபார்ப்பதுதான் பெரும்பாடு. சியாமின் (தாய்லாந்தின் பழைய பெயர்) 1908ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கியது. 1956இல் வந்த புதிய சட்டத்தில்தான் அந்தப் பிரிவு நீங்கியது. அப்படியானால் 1920களில் அச்சமில்லாத ஒரு காதலைக் காட்டினால் வழுவா, அமைதியா? சட்டம் இருந்ததாலேயே எல்லாரும் சதா நடுங்கினார்கள் என்று காட்டுவதும் வழுதான். எனக்கென்னவோ, வேலைக்காரன் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பேசவேண்டிய அந்த இரண்டடி உயரம்தான் இந்த வகைக் கதையில் முதலில் சரியாக இருக்கவேண்டும்.

கொரியாவின் 'நோபிள்மேன் ரியூஸ் வெட்டிங்' (2021) வேறு மாதிரி. சோசோன் அரசமரபு கொரியாவை ஆண்ட காலத்தில் மணப்பெண் ஓடிவிட, அவள் சகோதரன் பெண்வேடத்தில் மணமகளாக நிற்கிறான். பட்டத்து இளவரசரின் மனைவி, பணிப்பெண்ணோடு உறவு வைத்ததற்காக 1436இல் விலக்கப்பட்ட அரசு அது. ஆனாலும் இது விளையாட்டு என்று தொடர் முதலிலேயே சொல்லிவிடுகிறது. சந்தேகமில்லாமல் வழுவமைதி.

> 'அமைதி' என்றால் சமாதானம் என்று நினைத்துவிட மாட்டார்களா?

தனியாக நின்றால் நினைப்பார்கள். 'வழுவமைதி' பள்ளித் தமிழ்ப் பாடத்திலேயே வருகிற சொல்தானே.

அப்புறம், ஆணும் ஆணும் காதலிக்கும் இந்தத் தொடர் வகைக்கு ஒருவர் 'தோழமைத் தொடர்' என்று முன்மொழிந்திருந்தார். வேண்டாம், அது பூசி மெழுகுவது. தாய்லாந்துக்காரர்கள் 'சீரீஸ் வாய்' என்கிறார்கள். அதை அப்படியே எடுத்தால் பல் மருத்துவத் தொடர் என்று நினைப்பார்கள். 'ஆண்காதல் தொடர்' என்று நேராகவே சொல்லலாம்.

ஒரே ஒரு தடை தெரிகிறது. மென்பொருள்காரர்கள் 'பக்' (நிரலில் உள்ள பிழை) என்பதை வழு என்கிறார்கள். தேதிக் கணக்கில் பிசகும் நிரலுக்கும் அவர்கள் 'காலவழு' என்று வைத்துவிட்டால்? அந்த 543ஐக் கழிப்பது ஒரு நிரல் என்றால், இரண்டு பொருளிலும் அது காலவழுதான்.