செவிப்பறைத் துளையும் யூஸ்டேசியன் குழலும்: சோதனைக்குப் பின் ஒரு புதுப்பிப்பு

என் இடது செவிப்பறைத் துளையை அடைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் யூஸ்டேசியன் குழலைச் சோதிக்க வேண்டுமென மருத்துவர் கூறியதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். சோதனை முடிந்துவிட்டது. முதலில் ஒரு திருத்தம்: அந்தக் குழல் எப்போதும் திறந்திருக்கும் என்று நான் எழுதியது தவறு. செவிப்பறைக்கு உட்புறமுள்ள காற்றறையான நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும், பெரியவர்களில் ஏறக்குறைய 3.5 செ.மீ. நீளமுள்ள அக்குழல் பொதுவாக மூடியே இருந்து, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மென்னண்ணத் தசை (வாயின் மேற்புறத்து மென்மையான பின்பகுதியின் தசை) இழுப்பதால் ஒரு கணம் மட்டும் திறக்கிறது.

காதில் ரப்பர் முனையைப் பொருத்தி, பறைத் துளை வழியே நடுச்செவியில் காற்றழுத்தத்தை ஏற்றியபோது, நான் விழுங்கிய ஒவ்வொரு மிடறு தண்ணீருக்கும் திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு படிப்படியாக இறங்கியது; அதாவது குழல் திறந்து காற்று வெளியேறியது. பிறகு காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தார்கள். ஐந்து மிடறு விழுங்கியும் கோடு அசையவில்லை; குழல் திறக்கவில்லை. (வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.)

நாட்பட்ட நடுச்செவி நோயுள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதே என்றார் மருத்துவர். மிகையழுத்தம் குழலின் சுவர்களைத் தானே விலக்கிவிடும். குறையழுத்தமோ அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால், பிரிக்கத் தசைக்கு வலுப் போதாமல் போகிறது. நடுச்செவியின் சவ்வு காற்றை இடைவிடாது உறிஞ்சிக்கொண்டிருப்பதால், துளையை அடைத்த பின் புதிய பறை உள்நோக்கி இழுக்கப்படும் அபாயம் உண்டு. ஆகவே காதுமடல் பகுதியிலிருந்து எடுக்கும் குருத்தெலும்புத் துண்டால் பறையை வலுப்படுத்த முடிவாகியிருக்கிறது. அதற்கு முன் மூக்கு ஒவ்வாமைக்கான சிகிச்சை தொடங்கிவிட்டது.