‘ஜியோதெர்மல் பிரைன்’: புவிவெப்ப உப்புநீர் சரிவருமா?

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். லித்தியம் தேடல் சொற்பட்டியலில் ‘ஜியோதெர்மல் பிரைன்’ என்பதற்கு, அதாவது பூமிக்கடியிலிருந்து வரும், தாதுக்கள் கரைந்த சூடான நீருக்கு, ‘புவிவெப்ப உப்புநீர்’ என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா? கூடவே ஒன்று: நம் பக்கத்து ஊற்றுநீரையும் ஆய்வுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள்.

கொடைக்கானலிலிருந்து:
ஆட்சேபம் உண்டு. கலிபோர்னியாவில் சால்டன் சீ ஏரிக்கு அடியில் வரும் நீரில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் உப்பு. இங்கிலாந்தின் கார்ன்வால் கிரானைட்டுக்குள் இருக்கும் நீரில் அதில் சிறு பங்குதான். ஆனால் லித்தியம் இரண்டிலும் லிட்டருக்கு 200 மி.கி. அளவில் இருக்கிறது, கடல்நீரில் 0.2 மி.கி. கூடத் தேறாது. ஆக உப்பை வைத்துப் பெயரிட்டால் தேடுகிறவர் கவனம் தப்பான இடத்துக்குப் போகும். ‘ஆழ்வெந்நீர்’ போதும்.

இன்னொரு சிக்கல். கிணற்று வாயில் அழுத்தம் குறைந்ததும் நீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். லித்தியம் ஆவியோடு போகாது, மிஞ்சிய நீரிலேயே தங்கும். நூற்றுக்கு 20 பங்கு ஆவியானால், ஆழத்தில் 160 மி.கி. இருந்தது மேலே 200 என்று காட்டும். இந்த எண்ணை வைத்து இருப்பைக் கணக்கிட்டால் கால் பங்கு கூடுதலாக வரும். எனவே மேலே மிஞ்சும் நீருக்குத் தனிச் சொல் வேண்டும். ‘ஆவிகழிநீர்’?

ஊற்றுநீரை அனுப்பிப் பயனில்லை. நீலகிரி, பழனிமலை இரண்டும் சார்னோக்கைட். பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து, நீரை இழந்து இறுகிய பாறை. லித்தியத்தைப் பிடித்துவைக்கும் மைக்காவும் சொற்பம். ஊற்றில் வருவது விரிசலில் இறங்கிய மழைத்தண்ணீர்.

உதகையிலிருந்து:
‘கழிநீர்’ என்றால் ஊரில் சாக்கடை நினைப்புத்தான் வரும்! ‘ஆவிபிரிநீர்’ என்று வைக்கலாம். பட்டியலில் பக்கத்திலேயே ‘பிரிகலன்’ (ஆவியையும் நீரையும் பிரிக்கும் கலம்) வருவதால் பொருந்தும்.

மாதிரி எடுக்கும் குறிப்பில் இதையும் சேருங்கள். பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடியிலிருந்து போரானும் சிலிக்காவும் நீரில் கரையும். 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, லித்தியத்துக்கான பாட்டிலில் தூய நைட்ரிக் அமிலத்தைச் சொட்டி பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். குளோரைடுக்கு அமிலம் சேர்க்காத பாட்டில். சிலிக்காவுக்கு எடுத்ததில் அங்கேயே காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யாவிட்டால், ஆறும்போது கூழாகத் திரண்டு அளவு குறைத்துக் காட்டும்; அதை நம்பிப் போடும் ஆழ வெப்பநிலைக் கணக்கும் குறைவாகவே வரும்.

கோத்தகிரியிலிருந்து:
சரி, ஆழ்வெந்நீர், ஆவிபிரிநீர் என இரண்டு பதிவு. இரண்டாவதற்கு அளவு எழுதும்போது பிரிகலன் அழுத்தத்தையும் குறிக்க வேண்டும் என்று விளக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். அது இல்லாமல் ஆழத்து அளவைத் திருப்பிக் கணக்கிட வழியில்லை.