புதுப்பிப்பு: அக்கா குடும்பத்தோடு மூன்று வாரம்

வெளிநாட்டில் மிஷனரியாக இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அந்த ஊர் மொழியும் பழக்கமும் தெரியாதே, எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். போய், மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன்.

முதல் வாரம் கஷ்டம்தான். தூக்கம்கூடச் சரியாகிவிட்டது. ஆனால் எப்போது சிரிக்கலாம், எவ்வளவு தள்ளி நிற்கணும், வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று எதுவும் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அத்தான்தான் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் எழுதிய கட்டுரையைக் காட்டினார். பழகிய சமூகக் குறிப்புகள் எல்லாம் ஒரேயடியாகக் கைவிட்டுப் போவதால் வருவதே பண்பாட்டு அதிர்ச்சி என்கிறார். அளவுக்கு மீறிக் கை கழுவுவதையும் அதன் அறிகுறிகளில் சேர்த்திருக்கிறார்! படித்ததும் பாதி பயம் போய்விட்டது.

அப்புறம் அக்கா மகள். "சித்தி, இப்போ கும்பிடணும், இப்போ உட்காரலாம்" என்று காதோடு சொல்லிக்கொண்டே வருவாள். அவளுக்கு அதுதான் சொந்த ஊர். நம் ஊர்தான் விருந்துக்குப் போகிற இடம். இது எனக்கு முதலில் வலித்தது, பிறகு புரிந்தது.

வழிபாட்டில் மொழி புரியவில்லை. மெட்டு தெரிந்த பாட்டு ஒன்று வந்தது, தமிழிலேயே சேர்ந்து பாடினேன். பக்கத்திலிருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த முறைக்காக மொழி கற்க ஆரம்பித்துவிட்டேன்.