மௌன ஜெபத்துக்கு மிரட்டல், மதுரைப் பக்கம் வழிகாட்ட யாராவது இருக்கிறார்களா?

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயது 46, கத்தோலிக்கக் குடும்பம், தையல் வேலை. ஆறு வருடமாக விடியற்காலை 3 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து ஜெபிப்பேன், அவ்வளவுதான், குறி சொல்வதில்லை, காசு வாங்குவதில்லை. தவக்காலத்திலிருந்து தெருப் பெண்கள் நாலு பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கூட உட்கார ஆரம்பித்தார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

முதலில் 'பேய் பிடிச்சவ' என்ற பேச்சு. அப்புறம் மதம் மாற்றுகிறேன் என்று புரளி (வருகிற நாலு பேருமே ஞானஸ்நானம் வாங்கியவர்கள்!). போன மாதம் இரண்டு தடவை வாசலில் கல் விழுந்தது, ஒரு ராத்திரி போனில் "வீட்டோட கொளுத்திடுவோம்" என்றார்கள். சொந்த அண்ணனே ஊரை விட்டுப் போ என்கிறார்.

பங்குச் சாமியாரிடம் சொன்னேன், கொஞ்ச நாள் நிறுத்தி வைம்மா என்றார். நிறுத்தியும் பார்த்தேன், பேச்சு நிற்கவில்லை. காவல் நிலையத்தில் அழைப்பு வந்த எண், தேதி எல்லாம் எழுதிப் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன், மூன்று வாரமாகப் பதில் இல்லை.

ஆழ்ந்த ஜெபத்தைப் பற்றி எழுதிய ஸ்பெயின் நாட்டுத் துறவி, புனிதர் சிலுவை யோவானை 1577இல் சொந்தத் துறவறச் சபைக்காரர்களே தொலேதோ நகரில் அடைத்து வைத்தார்கள், அடுத்த வருடம்தான் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பித்தார். அதை நினைத்தால் தைரியம் வருகிறது, சரி, ஆனால் அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இல்லையே.

மௌன ஜெபத்தில் பழக்கமும், இப்படி மிரட்டலில் இருப்பவர்களுக்குத் துணை நின்ற அனுபவமும் உள்ள சாமியாரோ சிஸ்டரோ மதுரையில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?